பிரெஸ்ட் இம்ப்ளான்ட்டுக்கு 10 வருஷம் தான் ஆயுசா? ரெண்டு பக்கமும் 11 வருஷம் வெச்சிருந்து, ஒண்ண மாத்தி ஒண்ண எடுத்த என் அனுபவம்

மார்பக கேன்சர் ட்ரீட்மென்ட் முடிச்சு, மார்புக்குள்ள வெக்கற செயற்கைப் பையான இம்ப்ளான்ட் வெச்சுகிட்ட பொண்ணுங்க என்கிட்ட முதல்ல கேக்கறது இதான், "அக்கா, 10 வருஷம் ஆயிடுச்சுன்னா கட்டாயம் மாத்தியே ஆகணுமா?" நேரா பதில் சொல்லிடறேன், இல்ல. 10 வருஷத்துல காலாவதி ஆகற சாமான் இல்ல அது. ஆனா ஒரு தடவ வெச்சா ஆயுசுக்கும் வரும்னு யாராவது சொன்னா அதையும் நம்பாதீங்க. மருந்து, மருத்துவ சாதனங்கள கண்காணிக்கற அமெரிக்காவோட எஃப்டிஏ தெளிவாவே சொல்லியிருக்கு, பிரெஸ்ட் இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க வர்ற பொருள் இல்ல, வருஷம் கூட கூட பிரச்சனை வர்ற வாய்ப்பும் கூடும்னு. அழகுக்காக வெச்சுக்கறவங்கள்லயே 100-க்கு 20 பேர் வரைக்கும் 8லேர்ந்து 10 வருஷத்துக்குள்ள எடுக்க வேண்டி வருதுங்கறது அவங்க சொல்ற கணக்கு, கேன்சருக்கு அப்புறம் வெச்சவங்களுக்கு மறு ஆபரேஷன் இன்னும் ஜாஸ்தி. அதே சமயம் 15, 20 வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாம இருக்கறவங்களும் இருக்காங்க. அதனால தேதிய பாத்து மாத்த வேண்டாம், உள்ள என்ன நிலமைல இருக்குன்னு பாத்து மாத்துங்க. அந்த உள்ள பாக்கற வேலை தான் நம்ம ஊர்ல நடக்கறதே இல்ல.

என் விஷயம் சுருக்கமா. 2011-ல 41 வயசுல இடது பக்கம் கேன்சர், மாஸ்டெக்டமி, அதாவது மார்ப எடுக்கற ஆபரேஷன் பண்ணி அப்பவே நெஞ்சு சதைக்கு அடியில எக்ஸ்பேண்டர்னு ஒரு பை வெச்சாங்க, அதுல கொஞ்சம் கொஞ்சமா சலைன்ங்கற உப்புத் தண்ணிய ஏத்தி தோல விரிய வெச்சு, 2012-ல அத எடுத்துட்டு சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் வெச்சாங்க. ரேடியேஷன் எனக்கு தேவைப்படல. வலது பக்கம் நோய் கிடையாது, ஆனா ரெண்டும் ஒரே அளவா தெரியணும்னு அந்த பக்கமும் சின்னதா ஒண்ணு வெச்சாங்க. ஒரே கம்பெனி, ஒரே நாள், ஒரே டாக்டர், ஒரே உடம்பு, ஆனா ரெண்டும் போன வழி வேற வேற. அதனால தான் இத எழுதணும்னு தோணுச்சு.

முதல் நாலஞ்சு வருஷம் நல்லா தான் போச்சு. ப்ளவுஸ்க்குள்ள ஸ்பான்ஞ் வெக்க வேண்டியதில்ல, கூட்டமான பஸ்ல நிக்கறப்ப எதுவும் நழுவிடுமோன்னு பயம் இல்ல, அத நான் இன்னிக்கும் நன்றியோட தான் நினைக்கறேன். இடது பக்கம் தொடு உணர்ச்சி திரும்பி வரல. சதைக்கு அடியில இருக்கறதால தேங்கா துருவறப்ப, மாவு பெசையறப்ப நெஞ்சு சதை இழுக்கும், கூடவே இம்ப்ளான்ட்டும் நகரும், நைட்டி போட்டிருந்தா வெளியவே தெரியும். மார்கழி காலைல குளிச்சா உடம்பெல்லாம் சூடான பிறகும் அந்த எடம் மட்டும் ரொம்ப நேரம் ஜில்லுனு இருக்கும். இதெல்லாம் கோளாறு இல்ல, நிறைய பேருக்கு நடக்கறது தான், இதுக்காக மாத்தணும்னு யாரும் ஓட வேண்டாம்.

2017 வாக்குல இடது பக்கம் இறுக ஆரம்பிச்சுது. முதல்ல கண்டுபிடிச்சது எங்க டெய்லர் அக்கா, "ஏங்க, போன தடவ அளவுக்கும் இதுக்கும் இடது பக்கம் அரை இஞ்ச் ஏறி வருதே, கழுத்து தூக்கிட்டு நிக்குது பாருங்க"ன்னாங்க. உள்ள எந்த வெளிப்பொருள வெச்சாலும் உடம்பு அத சுத்தி தழும்பால ஒரு உறை கட்டும், கேப்சூல்னு சொல்வாங்க, இது எல்லாருக்கும் உண்டு, மெல்லிசா இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. சிலருக்கு அது தடிச்சு சுருங்கி இம்ப்ளான்ட்ட நெருக்க ஆரம்பிச்சுடும். இதுக்கு பேக்கர் கிரேடுன்னு நாலு படி இருக்கு, ஒண்ணுன்னா மெத்துனு இருக்கும், ரெண்டுன்னா தொட்டா கொஞ்சம் கெட்டி, மூணுன்னா கண்ணுக்கே வடிவம் மாறினது தெரியும், நாலுல வலியும் சேந்துக்கும். ரேடியேஷன் வாங்கினவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு நல்லாவே அதிகம், அவங்க ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட இத பத்தி உக்காந்து பேசிடணும். எனக்கு ரெண்டுலேர்ந்து மூணுக்கு மெதுவா தான் போச்சு, வருஷங்கள் ஆச்சு, கடைசியில வலியும் சேந்து, குப்புற படுக்கவே முடியாம, இடது பக்கம் ஒருக்களிச்சு படுத்தா விலாவுல அழுத்தி முழிப்பு வந்துடும்ங்கற நிலமை.

நடுவுல 2019 ஜூலைல அலர்கான் கம்பெனி பயோசெல் வகை இம்ப்ளான்ட்ட உலகம் முழுக்க திரும்ப வாங்கறதா நியூஸ் வந்துது. மேல்பக்கம் சொரசொரப்பா இருக்கற டெக்ஸ்ச்சர்டு வகை வெச்சவங்கள்ல சிலருக்கு பிஐஏ ஏஎல்சிஎல்னு ஒரு லிம்ஃபோமா வருதுன்னு கண்டுபிடிச்சிருந்தாங்க, அது மார்பக கேன்சர் இல்ல, அந்த உறையில உருவாகற வேற வகை கேன்சர். ஏற்கெனவே ஒரு கேன்சர தாண்டி வந்தவளுக்கு இத படிச்சா தூக்கம் வருமா. பீரோவுல இருந்த ஃபைல எடுத்து இம்ப்ளான்ட் கார்ட பாத்தேன், கம்பெனி பேர், லாட் நம்பர், சீரியல் நம்பர், எத்தன சிசி, எல்லாம் ஸ்டிக்கரா ஒட்டியிருந்துது. கம்பெனி வேற, ஆனா சொரசொரப்பு வகை தான். அப்ப நான் பாத்த டாக்டரம்மா நிதானமா சொன்னாங்க, "பாருங்கம்மா, தொந்தரவு எதுவும் இல்லாதவங்க இதுக்காக மட்டும் எடுக்க வேண்டாம்னு தான் எஃப்டிஏவே சொல்லுது. ஆனா வருஷம் பல கழிச்சு ஒரு பக்கம் மட்டும் திடீர்னு நீர் கோத்து வீங்கினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ அன்னிக்கே வந்துடுங்க." அந்த நீர ஊசியால எடுத்து சிடி30ன்னு ஒரு டெஸ்ட் பண்ணி பாப்பாங்களாம். ரொம்ப அபூர்வமா வர்றது, சீக்கிரமே தெரிஞ்சா இம்ப்ளான்ட்டையும் உறையையும் முழுசா எடுத்தாலே பெரும்பாலும் சரியாயிடும்.

கார்டு இல்லாதவங்க தயவு செஞ்சு ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ்ல கேட்டு வாங்கி வெச்சுக்கங்க. 2010-ல ஃபிரான்ஸ்ல பிஐபின்னு ஒரு கம்பெனி மருத்துவத்துக்கு உரிய சிலிகான் இல்லாம தொழிற்சாலைக்கான சிலிகான அடைச்சு வித்தது வெளிய வந்து, அதோட முதலாளி ஜெயிலுக்கு போனாரு. அந்த மாதிரி ஒரு செய்தி வர்ற அன்னிக்கு நம்ம உடம்புல இருக்கறது எதுன்னு சொல்றதுக்கு அந்த கார்டு வேணும்.

இப்ப ஸ்கேன். இத தான் நான் அழுத்தி சொல்லணும். சலைன் வகை கிழிஞ்சா தண்ணி வெளிய போயி அந்த பக்கம் சப்பையாயிடும், நமக்கே தெரிஞ்சுடும், அந்த உப்புத் தண்ணிய உடம்பு உறிஞ்சிக்கும். சிலிகான் ஜெல் அப்படி இல்ல. கெட்டியான ஜெல்ங்கறதால கிழிஞ்சாலும் பெரும்பாலும் அந்த தழும்பு உறைக்குள்ளயே நிக்கும், அளவு மாறாது, வலிக்காது, அனுபவமுள்ள டாக்டர் தொட்டு பாத்தாலே பல நேரம் தெரியாது. அதனால தான் 2021 அக்டோபர்ல எஃப்டிஏ புது அறிவுரை குடுத்துது, சிலிகான் வெச்சவங்க 5லேர்ந்து 6 வருஷத்துல முதல் ஸ்கேன், அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ, அதுக்கப்புறம் 2லேர்ந்து 3 வருஷத்துக்கு ஒரு தடவ, தொந்தரவே இல்லன்னாலும். அதுக்கு முன்னாடியும் எம்ஆர்ஐ எடுக்கணும்ங்கற அறிவுரை இருந்துது தான், ஆனா எனக்கு ஆபரேஷன் பண்ண எடத்துல யாரும் இத சொல்லி அனுப்பல. ஃபாலோ அப்புக்கு வருஷா வருஷம் போனேன், கேன்சர் திரும்ப வந்துருக்கான்னு தான் பாத்தாங்க, இம்ப்ளான்ட் எப்படி இருக்குன்னு ஒருத்தரும் பாக்கல, இது எனக்கு இன்னிக்கும் ஆறாத கோவம்.

2022-ல இடது பக்க வலிக்காக வேற ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட போனப்ப அவர் தான் ரெண்டு பக்கமும் அல்ட்ராசவுண்ட் எழுதினாரு. அதுல வலது பக்கம் சந்தேகமா அடுக்கடுக்கா கோடு தெரிஞ்சுது, உடனே எம்ஆர்ஐ. குப்புற படுக்க வெச்சு, ரெண்டு மார்பும் கீழ தொங்கற மாதிரி குழி இருக்கற பிரெஸ்ட் காயில்ல பொருத்தி, ஆடாம அசையாம அந்த டமடம சத்தத்துல கிடக்கணும், எனக்கு இருந்த இறுக்கத்துக்கு அது லேசான விஷயம் இல்ல. கிழிசல் மட்டும் பாக்கறதுன்னா கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்ல. ரிப்போர்ட்ல லிங்குயினி சைன்னு எழுதியிருந்துது, இம்ப்ளான்ட்டோட கிழிஞ்ச மேல் ஓடு, ஷெல்னு சொல்வாங்க, ஜெல்லுக்குள்ள சரிஞ்சு மடிஞ்சு கிடக்கறது படத்துல நூடுல்ஸ் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு தெரியும்.

தொட்டா மெத்துனு, வலி துளியும் இல்லாம இருந்த வலது பக்கம் தான் கிழிஞ்சிருந்துது. இறுகி வலிச்ச இடது பக்கத்துல ஷெல் அப்படியே முழுசா இருந்துது.

கிழிஞ்சுடுச்சுன்னு கேட்டதும் விஷம் பரவிடுமேன்னு பதறாதீங்க. எனக்கு ஜெல் உறைக்குள்ளயே தான் இருந்துது, உறைய தாண்டி வெளிய போனா பக்கத்து திசுவுல கட்டி கட்டியா நிக்கும், அக்குள்ல நெறி கட்டும், அத சுத்தமா எடுக்கறது கஷ்டம், எங்கள மாதிரி கேன்சர் பாத்தவங்களுக்கு அக்குள்ல கட்டின்னாலே வேற பயம் வேற. அதனால ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன் வேண்டாம், ஆனா போட்டு வெக்கவும் கூடாது.

2023-ல பண்ணிகிட்டேன். இடது பக்கம் உறைய எடுத்துட்டு முன்ன விட சின்னதா, வழவழப்பான ஸ்மூத் வகை. வலது பக்கம் நான் யோசிச்சு எடுத்த முடிவு, இம்ப்ளான்ட்டே வேண்டாம், எடுத்துட்டு தொங்கற தோல தூக்கி தெச்சு விடுங்கன்னுட்டேன். 53 வயசுல நோய் இல்லாத மார்புல இன்னொரு பொருள வெச்சு அதுக்கும் ஸ்கேன் எடுத்துட்டு திரியணுமான்னு தோணுச்சு. மேமோகிராமும் இப்ப சுலபம், முன்னாடியெல்லாம் இம்ப்ளான்ட்ட பின்னாடி தள்ளி திசுவ முன்னாடி இழுத்து கூடுதலா படம் எடுக்கணும், டெக்னீஷியன்கிட்ட முதல்லயே சொல்லலன்னா அவங்களுக்கும் சிரமம் நமக்கும் சிரமம்.

எடுத்தத காட்டுங்கன்னு கேட்டிருந்தேன், மறுநாள் காலைல நர்ஸ் ஸ்டீல் ட்ரேல கொண்டு வந்தாங்க. இடது பக்கத்தோடது லேசா மஞ்சள் தட்டின, மத்தபடி முழுசான வட்டம், கூட எடுத்த உறையில அங்கங்க சுண்ணாம்பு படிஞ்சு நகத்தால தட்டினா டொக்குன்னு சத்தம் கேக்கற கெட்டி. வலது பக்கத்தோடது ஓரத்துல மடிப்பு விழுந்த எடத்துலயே கிழிஞ்சு, ஜெல் க்ளவுஸ்ல பசையா ஒட்டி இழுத்துது. உறை பயாப்சிக்கு போச்சு, ஒண்ணுமில்லன்னு வந்துது, அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சாப்பாடு இறங்கல. ரெண்டு பக்கமும் ட்ரெயின் டியூப் ஒரு வாரத்துக்கு மேல இருந்துது, கைய தூக்கி துணி காயப்போட ஒன்றரை மாசம் ஆச்சு. முதல் ஆபரேஷன விட வலி கம்மி தான்.

காசு விஷயம். மெடிக்ளெய்ம்ல முதல்ல காஸ்மெட்டிக்னு சொல்லி தள்ளுபடி பண்ணிட்டாங்க. விடாதீங்க. பாலிசில காஸ்மெட்டிக் சர்ஜரிய விலக்கற அந்த எக்ஸ்சிஎல்08 பிரிவுலயே விபத்து, தீக்காயம், கேன்சருக்கு அப்புறமான சீரமைப்புக்கு விலக்கு பொருந்தாதுன்னு இருக்கு, இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் பொதுவா வகுத்த வாசகம் அது. சர்ஜன் லெட்டர், பழைய மாஸ்டெக்டமி டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ ரிப்போர்ட் மூணையும் வெச்சு திரும்ப எழுதினேன், இடது பக்கத்துக்கு முழுசா, வலதுக்கு ஒரு பகுதி வந்துது. வெறும் அழகுக்காக வெச்சவங்களுக்கு இது கிடைக்காது, அவங்க வெக்கறப்பவே பின்னாடி எடுக்கற செலவையும் சேத்து ஒதுக்கிடணும், 28 வயசுல வெக்கற பொண்ணுக்கு வாழ்நாள்ல இன்னொரு ஆபரேஷன் அநேகமா உண்டு, அத மறைச்சு பேக்கேஜ் ரேட் மட்டும் சொல்ற எடத்த நம்பாதீங்க. 2018-ல சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில பிரெஸ்ட் இம்ப்ளான்ட் வெக்கறத இலவசமா ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம், அதோட அந்த 6-வது வருஷ ஸ்கேனும் பின்னாடி மாத்தற செலவும் சேந்தே எல்லா எடத்துலயும் வரணும்ங்கறது என் ஆசை.

அப்ப எப்ப தான் மாத்தறது? ஸ்கேன்ல கிழிசல்னு உறுதியானா மாத்துங்க இல்ல எடுத்துடுங்க. இறுக்கம் மூணு நாலுக்கு போயி தூக்கம் கெட்டா மாத்தலாம், ரெண்டுல நிக்குதுன்னா விட்டு வெக்கலாம். நீர் கோத்த வீக்கம்னா முதல்ல டெஸ்ட், அப்புறம் தான் மாத்தற பேச்சு. உடம்பு வலி, அசதி, முடி கொட்டறது, மூட்டு வலின்னு இம்ப்ளான்ட்டுக்கு அப்புறம் வந்ததா சொல்றவங்க இருக்காங்க, காரணம் இன்னும் நிரூபிக்கப்படல, ஆனா எடுத்த பிறகு நல்லாயிட்டேன்னு சொல்றவங்களும் உண்டு, அவங்கள மனப்பிரமைன்னு தள்ளற டாக்டர எனக்கு பிடிக்காது, தைராய்டு மாதிரி மத்த காரணங்கள பாத்துட்டு முடிவு பண்ணலாம். ஒண்ணுமே இல்ல, ஸ்கேனும் சுத்தம், ஆனா 10 வருஷம் ஆச்சுன்னு மட்டும் யாராவது ஆபரேஷன் தேதி குறிச்சா ரெண்டாவது டாக்டர பாருங்க, மாஸ்டெக்டமி பண்ண தோல் ஏற்கெனவே மெல்லிசு, ஒவ்வொரு தடவ திறக்கறப்பவும் இன்ஃபெக்ஷன் ரிஸ்க்கும் உண்டு. மாத்தறப்ப திரும்ப இம்ப்ளான்ட் தான் வெக்கணும்னும் இல்ல, வயித்து சதைய எடுத்து பண்ற டீப் ஃப்ளாப் இருக்கு, எதுவுமே வேண்டாம்னு தட்டையா விட்டுட்டு சந்தோஷமா இருக்கற தோழிங்களும் எனக்கு இருக்காங்க.

என் இடது பக்கத்துக்கு அடுத்த ஸ்கேன் 2028 கடைசில. நீங்க எம்ஆர்ஐ எடுக்க போறதுன்னா போறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு விஷயம் கேட்டுடுங்க, பிரெஸ்ட் காயில் இருக்கா, இம்ப்ளான்ட் கிழிசல் பாக்கற முறைல எடுப்பாங்களான்னு. எல்லா சென்டர்லயும் ரெண்டும் இருக்காது.