பெயிண்ட் அடித்த மாடலுக்கு 'ஸ்பெஷல் பசை' என்று சொன்னால் நம்பாதீர்கள்

நாகர்கோவிலில் கிராஃப்ட் சாமான் விற்கிற ஒரு கடையில் சின்ன பாட்டில் பசை ஒன்றை 450 ரூபாய்க்கு எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். என் மருமகன் 1:72 அளவு (நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடலுக்குப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தான். சக்கரக் கால்களையும் விமானி இருக்கையின் மேல் வரும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியையும் ஒட்டுவதுதான் பாக்கி. பெயிண்ட் அடித்த பாகம் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டோம். "பயப்படாண்டாம் அண்ணே, வெளிநாட்டு சாதனம், பெயிண்டுக்குன்னே உள்ளது. சுரண்டவே வேண்டாம்" என்றார். பில் கேட்டால் மெஷின் ரிப்பேராம்.

உள்ளே இருந்தது சாதாரண சயனோஅக்ரிலேட். பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற அதே சூப்பர் க்ளூ. காற்றிலுள்ள ஈரம் பட்டு இறுகுகிற சரக்கு அது. இறுகும்போது எழும் ஆவி பக்கத்தில் வெள்ளையாகப் படியும். இரண்டு பருவமழையும் பெய்கிற, கடற்காற்று வீசுகிற நம் மாவட்டத்தில் கேட்கவா வேண்டும்? மறுநாள் காலையில் கண்ணாடி மூடியின் உள்பக்கம் பால் தெளித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. உள்ளே அவன் ஊசிமுனையால் வரைந்த அளவுமானிகள் எதுவும் தெரியவில்லை.

சக்கரக் காலை லேசாகத் தொட்டதும் கழன்று வந்தது. அதன் நுனியில் பசை, பசையோடு இறக்கையின் பெயிண்ட், கீழே வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக். பசை பெயிண்டைத்தான் பிடித்தது, பிளாஸ்டிக்கைத் தொடவே இல்லை. பெயிண்டின் பிடிமானம் எவ்வளவோ, ஒட்டின் பலமும் அவ்வளவுதான்.

திரும்பப் போய்க் கேட்டால், "உங்க பெயிண்ட் சரியில்ல. நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுத் துடைங்க, வெளுப்பு போயிரும்" என்றார். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சிய, அதே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சட்டத் துண்டில் ரிமூவர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். அந்த இடம் குழைந்து, மங்கி, விரல் ரேகை பதிகிற அளவுக்கு இளகிப் போனது. பெரும்பாலான ரிமூவர்களில் இருப்பது அசிட்டோன், அது மாடல் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு மூடியைத் துடைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

மாடல் கட்டும் பிள்ளைகளே, பெற்றோரே, பிளாஸ்டிக் சிமெண்ட் இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிற பசை. நடுவே பெயிண்ட் இருந்தால் பெயிண்டைத்தான் கரைக்கும். அதனால் ஒட்டுமிடத்தில் பெயிண்டைப் பிளேடால் சுரண்டிவிடுங்கள், அல்லது பெயிண்ட் அடிக்கும் முன்பே அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவையுங்கள். கண்ணாடி பாகத்துக்கு வெள்ளை ஃபெவிகாலே போதும். காய்ந்தால் நிறமில்லாமல் தெளிந்துவிடும், வழிந்தாலும் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் துடைத்துவிடலாம். உலோகப் பாகம் என்றால் இரண்டு டியூப் கலந்து பூசுகிற எபாக்ஸி.

தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், அளவு, விலை, மாதம் இவையெல்லாம் அச்சிடாத பாட்டிலைக் கையில் வாங்காதீர்கள். எங்கள் பாட்டிலில் கம்ப்யூட்டர் பிரிண்டில் ஒரு படம் மட்டும்தான் இருந்தது. பில் தர மறுத்தால் அங்கேயே நின்று 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. நாங்களும் புகார் பதிந்திருக்கிறோம்.