பாம்பாம் செட் வாங்குமுன் நிகர எடையைப் பாருங்கள்

நவராத்திரி நெருங்கினால் உல்லன் பாம்பாம் (நூலைச் சுற்றி, கட்டி, வெட்டிச் செய்கிற புசுபுசு பந்து), குஞ்சம், தோரணம் செய்கிற செட்டுகள் ஆன்லைனில் வரிசை கட்டும். கொலுப்படி அலங்காரத்துக்காக 799 ரூபாய் கொடுத்து வரவழைத்த ஒரு செட்டைப் பற்றியது இந்தப் பதிவு. விளம்பரத்தில் சொன்னது: 8 நிறங்களில் மொத்தம் 200 கிராம் நூல், 100% சுத்தமான உல்லன், 6.5 செ.மீ. பாம்பாம் மேக்கர் (இரண்டு பாதிகளிலும் நூலைச் சுற்றி, சேர்த்து மூடி, வெட்டிக் கட்டுகிற கருவி), கத்தரிக்கோல், '30 பாம்பாம் செய்யலாம்' என்ற உறுதி. இவற்றில் எடை, உல்லன், 30 பாம்பாம் எதுவுமே உண்மை இல்லை; மேக்கரும் கத்தரியும் வந்தன, ஆனால் வேலைக்கு உதவவில்லை. இதே மாதிரி செட்டுகளை வேறு வேறு பெயர்களிலும் பார்க்க முடிகிறது. அதனால் எங்கெங்கே ஏமாற்றுகிறார்கள், வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் ஏமாற்று எடையில். ஒவ்வொரு உருண்டையிலும் 25 கிராம் என்று லேபிள். சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தால் 20 கிராம்தான். உள்ளே இருக்கிற அட்டைக் குழல் மட்டும் 4 கிராம். அதை உருவிவிட்டு நிறுத்தால் நூல் 16 கிராம். எட்டு உருண்டைக்கும் சேர்த்து 128 கிராம். அதாவது 72 கிராம் குறைவு. உங்கள் தராசு சரியா என்று சந்தேகம் வந்தால் பத்து ரூபாய் நாணயம் பத்தை வைத்துப் பாருங்கள், 77 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். விற்றவரிடம் கேட்டபோது, "நாங்க போட்டது பெட்டியோட மொத்த எடைங்க" என்றார். இது செல்லாத பதில். பொதி செய்து விற்கிற பொருளில் நிகர எடையைத்தான் குறிக்க வேண்டும். உறை, குழல், பெட்டி எதுவும் அதில் சேராது.

அடுத்தது அந்த '30 பாம்பாம்' கணக்கு. இதில்தான் நிறைய பேர் தங்கள் கைவேலை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடுத்தரத் தடிமன் நூலில், அதாவது 100 கிராமுக்கு சுமார் 280 மீட்டர் வருகிற நூலில், 6.5 செ.மீ. பாம்பாம் ஒன்று அடர்த்தியாக வர ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். ஓரம் வெட்டிச் சீராக்குகிற கழிவும் சேர்த்தால் 8 கிராம். 200 கிராம் முழுசாக வந்திருந்தாலும் 25தான் தேறும். வந்த 128 கிராமுக்குப் பதினாறு. பிறகு முப்பது எப்படி வரும்? செட்டோடு வந்த குறிப்புத்தாளில் ஒவ்வொரு பாதியிலும் 80 சுற்று போதும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையில் 130 முதல் 140 சுற்று வரை வேண்டும். 80 சுற்றில் நிறுத்தினால் பந்து ஒரு பக்கம் சப்பையாகி, நடுவில் கட்டிய நூல் வெளியே தெரியும். ஆக, விளம்பரக் கணக்கைச் சரிக்கட்டவே செய்முறையைக் குறைத்திருக்கிறார்கள். எந்தக் குறிப்புத்தாளிலும் சுற்று எண்ணிக்கையை நம்ப வேண்டாம்; மேக்கரின் வளைவு முழுக்க நிரம்பி, நூல் விளிம்பு மட்டத்துக்கு வந்த பிறகே நிறுத்துங்கள்.

'100% உல்லன்' என்பதைச் சோதிக்க 5 செ.மீ. நூல் போதும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், கீழே எவர்சில்வர் தட்டு, நூலைப் பிடிக்க இடுக்கி; பிறகு நூலின் நுனியில் நெருப்பு வைத்துப் பாருங்கள். குழந்தைகள் அருகில் வேண்டாம். ஆட்டு ரோமமாக இருந்தால் தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். வந்த நூலோ சட்டென்று பற்றி, உருகி, கரும்புகை விட்டு, நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு உருண்டையாக நின்றது. அது அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. பாம்பாம் செய்ய அக்ரிலிக் மோசமான நூல் அல்ல. விலை குறைவு, நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால் உல்லன் விலைக்கு விற்பது மோசடி. ஆபத்தும் இருக்கிறது: ஆட்டு ரோமம் என்று நம்பி இந்தத் தோரணத்தைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், ஒரு பொறி போதும், உருகிச் சொட்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். தயவுசெய்து விளக்கிலிருந்து தள்ளியே கட்டுங்கள்.

அக்ரிலிக்கிலும் இது மட்டமான ரகம். முறுக்கே இல்லாத ஒற்றை இழை. ஒரு சாண் வெட்டி இரு முனையையும் மெல்ல இழுத்தால் அறுவதுபோல் இல்லாமல் பஞ்சாகப் பிரிந்து வந்துவிடுகிறது. பாம்பாமில் ஒவ்வொரு நூல் துண்டும் மூன்று செ.மீ. அளவுதான் வெளியே நிற்கும். முறுக்கு இல்லாவிட்டால் தொடுகிறபோதெல்லாம் கொட்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது வாய்க்குள் போகும். அரக்கு நிற நூலை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாயம் அப்படியே இறங்கியது. உருண்டைக்குள் ஆங்காங்கே முடிச்சு போட்டு ஒட்டுத்துண்டுகளையும் சேர்த்திருந்தார்கள். பாம்பாமுக்கு அது பெரிய குறையில்லை, எப்படியும் வெட்டப்போகிறோம். குஞ்சத்துக்கும் தோரணக் கயிற்றுக்கும்தான் அது உதவாது.

மேக்கரில் ஒரு முக்கியமான பிழை. இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடினால் நடுவில் ஓர் இடுக்கு ஓட வேண்டும். கத்தரியின் நுனி அதில் போகும், கட்டுகிற நூலும் அதில்தான் இறங்கும். இதில் இடுக்கே இல்லை. கொக்கியும் பிடிப்பதில்லை, பாதி வெட்டும்போதே திறந்துகொண்டு நூல் மொத்தமும் உதிர்கிறது. கூட வந்த கத்தரி நூலை வெட்டாமல் மடிக்கிறது.

கட்டுவதற்கு அதே நூலைப் பயன்படுத்தச் சொல்வதும் தவறு. இறுக்கி இழுத்தால் அறும், இறுக்காவிட்டால் பந்து கலையும். செருப்புத் தைக்கிற மெழுகு நூல் 30 செ.மீ. எடுத்து, முதல் முடிச்சில் இரண்டு முறை சுற்றி இறுக்குங்கள். அப்போது கை எடுத்தாலும் தளராது. பிறகு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் இன்னொரு முடிச்சு. இதையெல்லாம் முடித்த பிறகே மேக்கரைக் கழற்ற வேண்டும்.

இந்த செட்டே தேவையில்லை. தடித்த அட்டையில் 7 செ.மீ. வட்டம் இரண்டு, நடுவில் 2.5 செ.மீ. ஓட்டை, நூல் நுழைய ஒரு பக்கம் வெட்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஓட்டை நிரம்பும்வரை சுற்றி, விளிம்பில் இரு அட்டைக்கும் நடுவே வெட்டி, அந்த இடைவெளியிலேயே கட்டினால் ஒழுங்கான பாம்பாம் வரும். நூலைக் கடையில் தொட்டுப் பார்த்து, இரண்டு மூன்று இழை முறுக்கியதாக வாங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், உருண்டையைப் பிரிக்கும் முன் தராசோடு சேர்த்து லேபிள் தெரியப் படம் எடுங்கள். பிரித்துவிட்டதாகச் சொல்லித்தான் எங்களுக்குத் திருப்பி எடுக்க மறுத்தார்கள். லேபிளில் நிகர எடை, விலை, தயாரித்தவர் அல்லது பொதி செய்தவர் முகவரி, புகார் தொடர்பு இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு பொதிப்பொருள் விதி. இந்தப் பெட்டியில் முகவரியே இல்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் கொடுக்கலாம். எடைக் குறைவு என்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கும் எழுதலாம். வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

புகார் போன பிறகு பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். முழுப் பணமும் வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். விளம்பரம் இன்னும் அதே படங்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. '200 கிராம்' என்பதற்கு முன்னால் 'மொத்த எடை' என்று மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.