தோட்டப்புற அரசாங்கக் கிளினிக்கில் பால்வினை நோய்ப் பரிசோதனை: எதை நம்பலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நம் சிறுநகரங்களில் பெண்களுக்கான பால்வினை நோய்ச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் அரசாங்கக் கிளினிக்தான். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கலாம். குறைத்த ஒன்றரையும் கிளமிடியா என்கிற பால்வினை நோய்க்காக.

ரத்தத்தில் தெரியும் நோய்களில் கிளினிக்கைக் குறை சொல்ல இடமில்லை. கர்ப்பிணிக்குப் பிங்க் புத்தகம் என்கிற கர்ப்பகாலப் பதிவேட்டைத் திறக்கும்போதே எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெப்படைட்டிஸ் பி மூன்றுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் மலேசியாவுக்குச் சான்று கொடுத்ததற்குப் பின்னால் இந்த அன்றாட வேலைதான் இருக்கிறது. கர்ப்பமில்லாதவர்களும் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஆனால் சந்தேகமான தொடர்பு நடந்த மறுவாரமே போனால் முடிவு பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம். 90 நாள் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுத்தால்தான் கணக்கு முடியும்.

ஆரம்பக் கட்ட சிபிலிசுக்கு பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே வேளையில் ஊசியாகப் போடப்படும். அன்றிரவு காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். கிருமி சாவதால் வருவது அது, ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் அது வேறு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி குறைக்கு வருவோம். கிளமிடியாவும் கொனோரியா என்கிற வெட்டையும் ரத்தத்தில் அகப்படாது. கர்ப்பப்பை வாயிலோ பெண்ணுறுப்பிலோ எடுத்த சளியை கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். வகைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சிறுநகரக் கிளினிக்குகளில் அந்த வசதி அரிது என்பதால் அறிகுறியைப் பார்த்தே மருந்து கொடுக்கிறார்கள். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று சொல்பவருக்கு அது ஓரளவு உதவும். ஆனால் கிளமிடியா பிடித்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. தொந்தரவு இல்லாதவர் கவுண்டருக்கே வரமாட்டார். கிருமி சத்தமில்லாமல் மேலேறிக் கருக்குழாயில் தழும்பு விழுந்தபின், பிள்ளை நிற்கவில்லை என்றோ கரு குழாயிலேயே தங்கிவிட்டது என்றோதான் விஷயம் வெளியே வரும். மாதவிலக்கு தள்ளிப்போய் ஒரு பக்க அடிவயிறு வலித்தால் வரிசையில் நம்பர் எடுத்துக் காத்திருக்காதீர்கள், பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போங்கள்.

அதனால் கிளமிடியா சோதனையை நீங்களாகக் கேட்க வேண்டும். கிளினிக்கில் இல்லையென்றால் சூராட் (பரிந்துரைக் கடிதம்) வாங்கிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் கொடுப்பதானால் வழக்கமான சிறுநீர்ச் சோதனைக்குப் போல நடுவில் பிடிக்கக் கூடாது, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் முன் சிறுநீர் கழித்திருக்கவும் கூடாது. பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பஞ்சுக்குச்சியால் பெண்ணுறுப்பில் எடுக்கும் சளிதான் நம்பகமானது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. என்கிற வைரஸ் கிருமிக்கான பரிசோதனை இந்தச் சேவையிலேயே நல்ல பகுதி. 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கானது. குச்சியை நீங்களே சில சென்டிமீட்டர் உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றி எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுத்தால் போதும்; கர்ப்பப்பை வாயைச் சுரண்டி எடுக்கும் பாப் ஸ்மியருக்குப் போலக் காலை விரித்துப் படுக்க வேண்டியதில்லை. மாதவிலக்கு நாளில் எடுக்காதீர்கள். கிருமி இல்லையென்றால் அடுத்தது 5 ஆண்டு கழித்து. 16 அல்லது 18-ஆம் வகை இருந்தால் கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பார்க்க அனுப்புவார்கள். அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பத்தில் ஏழு இந்த இரண்டு வகையால் வருவதால் தவணையைத் தவறவிடாதீர்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம்: பாப் ஸ்மியரோ எச்.பி.வி.யோ சுத்தமாக வந்தால் கிளமிடியா இல்லை என்று ஆகாது. இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் உண்டு.

மருந்துக் கவுண்டரில் விளக்கம் அவசரமாக முடிந்துவிடுகிறது. கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள். பாலோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இதைச் சாப்பிடும் நாட்களில் வெயில் பட்டால் தோல் சுடும். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் முழுக்கை சட்டையும் தொப்பியும் போட வேண்டும். கர்ப்பிணிக்கு இந்த மருந்து ஆகாது, அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளையாகக் கொடுப்பார்கள். கர்ப்பமா என்று சந்தேகம் இருந்தாலே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கூடவே மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் கள்ளு, பீர் எதுவும் வேண்டாம்.

பெரும்பாலும் சிகிச்சை கெடுவது கணவரால்தான். அவர் மருந்து எடுக்காவிட்டால் அதே கிருமி திரும்ப வரும், அதற்கு மருந்து வேலை செய்யவில்லை என்று பெயராகும். உங்கள் மாத்திரையில் பாதியைக் கொடுத்தால் இருவருக்கும் குணமாகாது. அவர் தனியாக நம்பர் எடுத்து வர வேண்டும். இருவரும் மருந்து முடிக்கும்வரை, ஒரே வேளை மருந்தானால் அதன்பின் 7 நாள், உறவு கூடாது. மூன்று மாதத்தில் மறுபரிசோதனை.

கவுண்டரில் ஊர்க்காரர் முன்னால் காரணம் கேட்டால் “பெண்கள் பிரச்சினை, மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்கிறேன்” என்றால் போதும். பெண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம், காத்திருக்கும் நேரம்தான் கூடும். நாள் சம்பளக்காரர்கள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) அல்லது கிளினிக்கில் இருந்த நேரத்தைக் காட்டும் டைம் சிலிப்பை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நோயின் பெயர் எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லலாம்.