டெல்டா சேற்றுக்கு வண்டியை எத்தனை இன்ச் உயர்த்தலாம்?

ஆவணியில் அத்தை மகன் புது மஹிந்திரா தார் வண்டி வாங்கி வந்தான். வண்டியை விட்டு இறங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மச்சான், நாலு இன்ச் ஏத்திடலாமா?"

அவனுக்கு மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் நிலம். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர் போனால்தான் களத்துக்குப் போய்ச் சேரலாம். அதே மாதிரிக் கரையில் பல வருடமாகப் பழைய கமான்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஜீப் ஓட்டுகிறவன் நான். அவனுக்குச் சொன்னது மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நம் மண்ணைப் பார்க்க வேண்டும். அவன் பார்த்த வீடியோக்களில் எல்லாம் வண்டிகள் பாறை ஏறுகின்றன. நமக்குப் பாறையே கிடையாது. இங்கே வண்டி மாட்டுவது இரண்டு இடங்களில். ஒன்று, கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்ட டிராக்டர் போய்ப்போய் ஆழமான தடம்; அதன் நடுமேடு வண்டியின் வயிற்றைத் தட்டும். இன்னொன்று, சேறடித்த வயல். வருடக்கணக்கில் சேறடித்ததில் அரை அடி, முக்கால் அடிக்குக் கீழே கெட்டியான ஒரு தளம் படிந்திருக்கும். சக்கரம் அதைத் தொடும் வரை இறங்கும், தொட்டால் பிடித்துக்கொள்ளும். தாரின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 226 மி.மீ. முக்கால் அடி என்றால் 228 மி.மீ. அதாவது, சக்கரம் தளத்தைத் தொடும் நேரத்தில் வண்டியின் அடியும் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் உயர்த்த வேண்டியதுதானே என்று தோன்றும். எதை உயர்த்துகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தாரின் பின்பக்கம் ஒரே ஹவுசிங், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் இரும்புக் கூடு. அது சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அதன் நடுவில் இருக்கும் பின் டிஃபரன்ஷியல் (பல்சக்கரப் பெட்டி) இருந்த உயரத்திலேயே இருக்கும். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் அங்கே டிஃபரன்ஷியல் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்ந்து ஏறும். ஹவுசிங்கை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி. அதிலும் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் உயரம். மாருதி ஜிம்னியில் 195/80 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 215/75 ஆர்15 போட்டால் விட்டம் 10 மி.மீ. கூடும், ஹவுசிங் 5 மி.மீ. ஏறும். ஆனால் டயரைப் பார்க்க ரொம்பப் பெரியதாகத் தெரியும்!

சரி, வழிகளுக்கு வருவோம்.

பாடி லிஃப்ட்: சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைப்பது. பாடி மட்டும் ஏறும், சேஸிஸ் நின்ற இடத்தில் நிற்கும். பெரிய டயருக்கு இடம் கிடைப்பதைத் தவிர வேறு பலன் இல்லை. நம் வேலைக்கு வேண்டாம்.

ஸ்பேசர்: ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் வளையம். காயில் (சுருள்) ஸ்பிரிங் வண்டிகளுக்குச் செலவு குறைந்த வழி. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் பழையவையே என்பதால் ஓட்டத்தின் மென்மை பெரிதாக மாறாது. ஒரு இன்ச் வரை எனக்கும் ஆட்சேபம் இல்லை. அதற்கு மேல் போனால் தார் மாதிரி வண்டியில் முன் ஆக்ஸில் ஜாயின்ட் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே சுழலும். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) சீக்கிரம் கிழியும். தார்ச்சாலை வண்டி என்றால் சத்தம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இங்கே கிழிசல் வழியாகக் களிமண் உள்ளே போய், கிரீஸ் வெளியே வந்து, ஜாயின்ட்டே போய்விடும்.

ஷேக்கிளை நீட்டுவது: பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புத் துண்டுதான் ஷேக்கிள். கமான்பட்டை வண்டிக்காரர்கள் எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான், நானும் செய்தேன். ஷேக்கிள் இரண்டு இன்ச் நீண்டால் வண்டி ஒரு இன்ச்தான் ஏறும். என் ஜீப்பில் முன் ஷேக்கிள், பட்டையின் முன் முனையில் இருக்கிறது. அதை நீட்டியதும் ஹவுசிங் லேசாகத் திரும்பி, கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்துவிட்டது. வேலை செய்த பட்டறையில் இதை யாரும் சொல்லவில்லை. கேஸ்டர் குறைந்தால் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. மழை விட்ட ஒரு சாயங்காலம் வாய்க்கால் கரையில் ஒரு வளைவு திரும்பினேன். கையைத் தளர்த்தியும் சக்கரம் திரும்பியபடியே நின்றது. இடது முன் சக்கரம் கரை விளிம்பில் ஏறி, விளிம்பு மண் சரிந்தது. பின்சீட்டில் என் மகள் இருந்தாள். பிரேக் பிடித்து நின்றதும் அவளை வலப்பக்கக் கதவு வழியாக இறக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாளே பழைய ஷேக்கிளைப் போட்டேன்.

அதன் பிறகு பட்டைக்கு வளைவு ஏற்றி, ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். ஒன்றரை இன்ச் கிடைத்தது. ஸ்டீயரிங் சரியாக இருந்தது. ஆனால் பழைய பட்டைக்கு ஏற்றிய வளைவு ஒன்றிரண்டு போகத்திலேயே இறங்க ஆரம்பித்தது. கையில் பணம் இருந்தால் புது செட் வாங்குங்கள். பட்டைகளை அடுக்கிக்கொண்டே போகவும் வேண்டாம்; ரொம்ப விறைத்தால் வரப்பு தாண்டும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று சுற்றும்.

ஸ்பிரிங், ஷாக் சேர்ந்த கிட்: செலவு இதில்தான் அதிகம், என் ஓட்டும் இதற்குத்தான். ஒன்றரை முதல் இரண்டு இன்ச் வரை. ஸ்பிரிங்கின் உயரத்துக்குத் தகுந்த நீளத்தில் ஷாக் வருவதால் பள்ளத்தில் சக்கரம் முழுக்க இறங்கித் தரையைத் தொடும். வாங்கும்போது எடையைச் சொல்லி வாங்குங்கள். கால் டன் நெல் ஏற்றுகிறவருக்கும் தனியாகப் போய் வருகிறவருக்கும் ஒரே ஸ்பிரிங் சரிவராது. மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். சக்கரம் முழுக்க இறங்கிய நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நாலு இன்ச் வேண்டவே வேண்டாம் என்றேன். நம் கரைகள் ஒரு டிராக்டர் அகலம்தான், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், மழையில் ஊறிய விளிம்பு. வண்டியின் கனம் மேலே ஏற ஏற, ஒரு சக்கரம் புதைந்தாலே சாய்ந்துவிடும் ஆபத்து கூடுகிறது.

டயருக்கு வந்தால், களிமண்ணுக்கு மட்டும் என்றால் மட் டெரைன் (சேற்று டயர்). அவன் வாரம் இரண்டு முறை திருச்சி போகிறவன், அதனால் சாலைக்கும் சேற்றுக்கும் பொதுவான ஆல் டெரைன் போதும். அகலத்துக்கு ஆசைப்பட வேண்டாம். சேற்று வயலில் ஒடுங்கிய டயர் கீழே இருக்கும் கெட்டித் தளத்தைச் சீக்கிரம் தொடும். மாட்டுவண்டிச் சக்கரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

வண்டி ஏறியதால் தண்ணீரில் இறங்கலாம் என்ற தைரியமும் கூடாது. ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் அதுதான் காரணம். ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை மேலே நீட்டிக் கட்ட ஆகும் செலவு சொற்பம், லிஃப்ட்டுக்கு முன்பே அதைச் செய்யுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்றது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

அவன் இப்போதைக்கு டயரும் பிரீதரும் மட்டும் மாற்றியிருக்கிறான். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அப்படியே ஓட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பின் ஹவுசிங்கில் மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் கிட் வாங்கிப் பயனில்லை. சேஸிஸிலும் முன் டிஃபரன்ஷியலுக்கு அடியிலும் மண் உரசியிருந்தால் அனுமதி விசாரித்துக்கொண்டு தை அறுவடைக்கு முன் ஒன்றரை இன்ச் போட்டுவிடலாம்.