180 மீட்டர் மணல் தடத்தில் ஃபைபர்: மூன்றாண்டு அனுபவம்

உச்சிப்புளிப் பக்கம் கடலோரத் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. தார்ச்சாலையின் கடைசிக் கம்பத்திலிருந்து வாசலுக்கு 180 மீட்டர். ஃபைபர் இணைய இணைப்புக் கொடுக்க முதலில் வந்த நிறுவனத்தார் தடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் இழுத்தால் வேகம் குறையும் சார்" என்று கிளம்பிவிட்டார்கள். வெறும் சாக்கு. ஒரு கிலோமீட்டர் கண்ணாடி இழையிலேயே ஒளி ஏறக்குறைய 0.35 டெசிபல்தான் குறையும். சரியாகப் பொருத்தாத ஒரு கனெக்டர் அதைவிட அதிகம் தின்றுவிடும்.

அடுத்து வந்தவர்கள் ஒரே காலையில் தென்னைக்குத் தென்னை கட்டி இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். மரத்தில் கட்டச் சம்மதித்தது என் தவறு. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடித்தால் மரம் ஆடும், கேபிள் இழுபடும். ஐப்பசியில் ஒரு மட்டை விழுந்தது, மோடத்தில் சிவப்பு விளக்கு. ஒட்டுப்போட்டார்கள். மறு வருடம் கார்த்திகையில் இன்னொரு மட்டை. இம்முறை அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தாங்கு கம்பி உப்புக்காற்றில் துருவேறி, விரலால் நெருடியதும் செம்பொடியாக உதிர்ந்தது. பக்கத்தில் இழை மட்டும் பளபளவென்று இருந்தது.

பிறகுதான் மண்ணுக்குள் இறக்கினேன். குழாய், கூலி எல்லாம் என் செலவு. வேலியோரம் ஒன்றரை அடி ஆழம், வண்டி போகும் இடத்தில் இன்னும் ஆழம். மணல் என்பதால் வெட்டுவது சுலபம், சரியாமல் நிறுத்துவதுதான் பாடு. கறுப்பு எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயை முழங்கைத் திருப்பம் இல்லாமல் அகலமாக வளைத்து, நடுவில் கேபிளை எடுத்து இழுக்க ஒரு தொட்டி வைத்தோம். கேபிளை உள்ளே இழுக்கும் வழியைச் சொன்னவர் பக்கத்து வீட்டு மீனவப் பெரியவர். "தங்கூசி நரம்பு தருகிறேன் தம்பி, நுனியில் பையைச் சுருட்டிக் கட்டு" என்றார். தங்கூசி என்பது மீன்பிடிக்கும் நைலான் நரம்பு. மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்ததும் நரம்பு சரசரவென்று உள்ளே ஓடியது. அதில் கயிற்றைக் கட்டி, கயிற்றில் கேபிளைக் கட்டி இழுத்தோம். புதிய கேபிளில் இரும்புக்குப் பதில் கண்ணாடி நார்க் குச்சி, துருப்பிடிக்காது. பிறகு கேபிள் மாற்ற வேண்டியிருந்தால் இழுக்க, இன்னொரு கயிற்றைக் குழாய்க்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறேன்.

மரத்தில் தொங்கியபோது மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு; பூஜ்யத்தை நெருங்கினால் ஒளி அதிகம்) காட்டிய ஒளி அளவு இப்போது மைனஸ் 19. மைனஸ் 27-க்கும் கீழே இறங்கினால் இணைப்பு தடுமாறும் என்பதால் இது நிம்மதியான இடைவெளி. அதன்பின் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் அறுபடவில்லை. மின்சாரம் போனால் மோடத்துக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் போதும்.

கம்பத்துப் பெட்டியின் மூடி மட்டும் இன்னும் சணல் கயிற்றில் தொங்குகிறது. அது நிறுவனத்தின் பொறுப்பு. மூன்று முறை சொல்லிவிட்டேன்.