எலிக்சிரிலிருந்து எஸ்கியூஎல் சர்வர்: டிடிஎஸ்ஸா, ஓடிபிசியா?

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை. பில் போடும் பழைய மென்பொருள் விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரை வைத்து ஓடுகிறது என்று கொள்வோம். அதே டேட்டாவைக் கொண்டு ஆர்டர் எடுக்கும் தளத்தை லினக்ஸில், எலிக்சிர் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டும். எலிக்சிருக்கென்று மைக்ரோசாஃப்ட் டிரைவர் (டேட்டாபேஸோடு பேச உதவும் மென்பொருள்) தருவதில்லை. கைக்கு எட்டும் வழிகள் இரண்டு: எலிக்சிருக்கு அடித்தளமான எர்லாங்கோடு வரும் ஓடிபிசி (பல டேட்டாபேஸ்களுக்கும் பொதுவான இணைப்பு முறை), எஸ்கியூஎல் சர்வரின் சொந்த நெறிமுறையில் பேச எலிக்சிரிலேயே எழுதப்பட்ட டிடிஎஸ் நூலகம். பெயரும் ஊரும் தமிழில் சேமிக்கப்படும் என்றால் என் ஓட்டு டிடிஎஸ்ஸுக்கு.

நிறுவுவதில் பெரிய ரகசியம் இல்லை. டிடிஎஸ்ஸுக்கு, வேண்டிய நூலகங்களைப் பட்டியலிடும் மிக்ஸ் கோப்பில் ஓரிரு வரி போதும். எலிக்சிரின் டேட்டாபேஸ் நூலகமான எக்டோவுக்கான அடாப்டரும், திறந்த இணைப்புகளைப் பகிர்ந்து தரும் இணைப்புத் தொகுப்பும் தயாராக இருக்கின்றன. ஓடிபிசிக்கு, அதை லினக்ஸில் இயக்கும் யூனிக்ஸ்ஓடிபிசி, மைக்ரோசாஃப்டின் டிரைவர், எர்லாங்கின் ஓடிபிசி பொதி மூன்றும் சர்வரில் இருக்க வேண்டும். அந்த டிரைவரை 17-லிருந்து 18-க்கு மாற்றினால் இணைப்பின் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இயல்பாகவே இயங்கும். சான்றிதழ் சரியில்லாத சர்வரில் இணைப்பு அன்றைக்கே அறுந்துவிடும். எர்லாங் ஓடிபிசியில் இணைப்பைத் திறந்த புராசஸ் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும், ஆகவே தொகுப்பு மேலாண்மையும் நம் தலையில். இரண்டுக்கும் பொதுவான தடங்கல் ஒன்று: எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி/ஐபி அணைந்தே வரும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, 1433 போர்ட்டைக் கொடுத்து, சர்வீசை மறுபடி தொடங்க வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது தமிழ் எழுத்துதான். விண்டோஸில் தமிழுக்கெனத் தனி ஆன்சி கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) கிடையாது. அதனால் எழுத்தைக் கோட்பேஜ்படி சேமிக்கும் வழக்கமான வார்கார் நெடுவரிசையில் தமிழ் போனால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிடும். 2019 பதிப்பில் வந்த யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்தைச் சேமித்து ஒப்பிடும் விதி) மட்டும் விலக்கு. யூனிகோடை ஏற்கும் என்வார்கார் நெடுவரிசை இருந்தாலும் ஓடிபிசியில் அளபுருவை (வினவலோடு அனுப்பும் மதிப்பை) டபிள்யூவார்கார் வகை என்று சொல்லி, சரத்தை (எழுத்துத் தொடரை) யூடிஎஃப்-16 லிட்டில் எண்டியனாக மாற்றி அனுப்ப வேண்டும். திரும்பி வருவதும் அதே வடிவம்தான். யூடிஎஃப்-8-க்கு மாற்றியாக வேண்டும். நூறு வினவலில் ஒன்றில் மறந்தாலும் குப்பைதான் மிஞ்சும். டிடிஎஸ் சரங்களைத் தானே என்வார்காராக அனுப்பிவிடுகிறது.

சேதம் எங்கே நடந்தது என்று பார்க்க, நெடுவரிசையை வார்பைனரியாக, அதாவது வெறும் பைட்டுகளாக, மாற்றிப் பாருங்கள். என்வார்காரில் 'க' எழுத்துக்கு 95, 0பி என்ற இரு பைட்டுகள் தெரிந்தால் டேட்டா நலம், கோளாறு திரையில். கேள்விக்குறியின் 3எஃப் வரிசையாக வந்தால் எழுத்து போனது போனதுதான், பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நீளக் கணக்கு இரு வழியிலும் கடிக்கும். 'காரைக்குடி' நம் கண்ணுக்கு 5 எழுத்து, எலிக்சிரின் லெங்த்தும் 5 என்றே சொல்லும். சர்வருக்கு அது 10 குறி, 20 பைட். எக்டோவில் நீளச் சோதனையைக் கோட்பாயிண்ட் (யூனிகோடு குறி) கணக்கில் வைக்காவிட்டால், படிவத்தில் தேறிய முகவரி சர்வரில் 'துண்டிக்கப்படும்' என்ற பிழையோடு திரும்பும்.

பணத்தொகையிலும் டிடிஎஸ் பக்கமே சாய்வேன். டெசிமல் 12,2 நெடுவரிசையை எர்லாங் ஓடிபிசி, துல்லியம் பிசகக்கூடிய மிதவை எண்ணாகத் (ஃப்ளோட்) தருகிறது. டிடிஎஸ் டெசிமலாகவே தருகிறது. பேரேட்டில் பைசா உதைக்கக்கூடாத ஊரில் இது சின்ன விஷயமில்லை.

டிடிஎஸ்ஸிலும் ஓர் ஓட்டை உண்டு. பழைய மென்பொருளின் பில் எண் வார்காராக இருந்து, அதை என்வார்கார் அளபுருவோடு ஒப்பிட்டால், எஸ்கியூஎல் லத்தீன் கொலேஷனில் இன்டெக்ஸில் நேராகப் போய் எடுக்க முடியாமல் எல்லா வரிசைகளும் தேடப்படும். அந்தப் புலங்களுக்கு எக்டோவில் உள்ள வார்கார் வகையைக் குறிப்பிட்டால் சரியாகும். ஒரு கடை அளவுச் சுமைக்கு இது போதும். அதற்கு மேல் என்றால் சர்வர் வினவலை நடத்தும் வழியைக் காட்டும் எக்ஸிகியூஷன் பிளானைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐபிஎம்மின் டேட்டாபேஸான டிபி2 பின்னால் இருந்தால் டிடிஎஸ்ஸுக்கு அங்கே வேலையே இல்லை, ஓடிபிசியைத்தான் கட்டி மேய்க்க வேண்டும்.