ஸ்டா6 வாங்கலாமா, ஸ்டா7 வாங்கலாமா? பச்சைப் பாசியின் மாவுச்சத்து மியூட்டன்ட்கள், ஓர் அலசல்

பச்சைப் பாசியின் மாவுச்சத்து மரபியலை ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துவிட்டு, எந்த மியூட்டன்ட்டை (ஒரு மரபணு பழுதான வகையை) வரவழைக்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் வரும் பதில் ஸ்டா6. மாவுச்சத்து அறவே கிடையாது, எண்ணெய் ஏறும், ஆய்வுக் கட்டுரைகளும் ஏராளம். ஆனால் பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கல்லூரி லேப் ஒன்றில், ஓர் இன்குபேட்டரும் ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு ஸ்டா7 அதைவிட அதிகம் கற்றுத்தரும் என்பது எங்கள் கருத்து. காரணங்களைப் பார்க்கலாம்.

இரண்டுமே கிளாமிடோமோனாஸ் ரைன்ஹார்ட்டீ. இந்தப் பாசி வளரும் காலமெல்லாம் ஒற்றைத் தொகுதி குரோமோசோமுடன் இருப்பதால், ஒடுங்கு பண்பும் மறையாமல் உடனே வெளிப்படும். மாவுச்சத்து பசுங்கணிகத்துக்குள்ளேயே இரண்டு இடத்தில் சேர்கிறது: கார்பன் டைஆக்சைடு பிடிபடும் உருண்டையான பைரினாய்டைச் சுற்றி உறையாக ஒன்று, நைட்ரஜன் தீர்ந்ததும் ஸ்ட்ரோமாவில் (பசுங்கணிகத்தின் உள் திரவத்தில்) துகள்களாகக் குவிவது இன்னொன்று. நைட்ரஜன் இல்லாத பிளேட்டில் வளர்ந்த திட்டுகளுக்கு அயோடின் ஆவி காட்டினால் இயல்பான ஸ்ட்ரெயின் (பாசி வகை) கருநீலமாகும், குறையுள்ளது ஆகாது. பிரான்சின் லீல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பால் குழு இந்த எளிய சோதனையால்தான் ஸ்டா வரிசை மரபணுக்களைப் பிடித்தது.

மக்காச்சோளம் தெரிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. மாவுச்சத்துக்கான முதல் படி, ஏடிபி-குளுக்கோஸ் தயாரிக்கும் பைரோபாஸ்போரிலேஸ் நொதி. அதன் சிறிய துணையலகு ஸ்டா6, பெரிய துணையலகு ஸ்டா1. மக்காச்சோளத்தில் அதே வேலைகளைச் செய்பவை பிரிட்டில்-2, ஷ்ரங்கன்-2. ஸ்டா7 என்பது ஐசோஅமைலேஸ், அங்கே ஷுகரி-1. ஸ்டா2 அமைலோஸ் (மாவுச்சத்தின் கிளையில்லாச் சங்கிலி) கட்டும் நொதி, அங்கே வாக்ஸி. சோறு உதிருமா, ஒட்டுமா என்பதை நெல்லில் பெருமளவு தீர்மானிப்பதும் இதே வாக்ஸி மரபணுதான்.

முதலில் ஸ்டா6. வினையூக்கும் துணையலகே போய்விடுவதால் ஏடிபி-குளுக்கோஸ் இல்லை, மாவுச்சத்தும் இல்லை. கேள்வி எளிது, பதிலும் எளிது. கார்பன் மாவுச்சத்துக்குப் போகாவிட்டால் எங்கே போகிறது என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான ஸ்ட்ரெயின் கிடையாது. அதே எளிமைதான் ஆபத்தும். எண்ணெய் எத்தனை மடங்கு ஏறியது என்பதில் கட்டுரைக்குக் கட்டுரை எண் மாறுகிறது. ஒளி, அசிட்டேட் அளவு இவற்றைத் தாண்டி, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதே பெரிய வித்தியாசம்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள கிளாமிடோமோனாஸ் வள மையத்தில் ஸ்டா6-இன் எண் சிசி-4348. பலர் அதற்குக் கன்ட்ரோலாக (ஒப்பீட்டுக்காக) வைப்பது சிசி-4349. இதுவும் செல் சுவரற்ற ஸ்ட்ரெயின்தான், ஆனால் ஸ்டா6-ஐப் பெற்ற தாய் இதுவல்ல, மரபணுத் தொகுதியிலும் வேறுபாடுகள் உண்டு. உண்மைத் தாயான 330-ஐ வைத்தால் வேறொரு சிக்கல். 330-க்கு அர்ஜினின் கொடுத்தால்தான் வளரும். ஸ்டா6-ஐ உருவாக்கச் செருகிய பிளாஸ்மிடில் (டிஎன்ஏ துண்டில்) அர்ஜினின் தயாரிக்க உதவும் ஏஆர்ஜி7 மரபணு இருப்பதால் ஸ்டா6-க்கு அது வேண்டாம். கிளாமிடோமோனாஸ் அர்ஜினினை நைட்ரஜன் மூலமாகவே பயன்படுத்தும். ஆக, நைட்ரஜன் பட்டினி போட்டதாக நினைக்கும் கன்ட்ரோல் குடுவையில் நைட்ரஜன் இருந்துகொண்டே இருக்கும். அதில் மாவுச்சத்தும் எண்ணெயும் குறைவாகச் சேர, மியூட்டன்ட் பிரமாதமாகத் தெரியும். அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

சரியான கன்ட்ரோல், ஸ்டா6 மரபணுவைத் திரும்பச் சேர்த்த ஸ்ட்ரெயின்கள்: சிசி-4565, சிசி-4566, சிசி-4567. பணம் குறைவு என்றால் ஸ்டா6-ஓடு இவற்றில் இரண்டையாவது வாங்குங்கள். சிசி-125 போன்ற பொதுவான இயல்பு ஸ்ட்ரெயினை விட்டுவிடலாம். திரும்பச் சேர்த்தவற்றில் ஒன்று மட்டும் வாங்கினால், மரபணு எங்கே போய் உட்கார்ந்தது என்பதால் வரும் விளைவைப் பிரித்தறிய முடியாது.

ஸ்டா7-இல் கதை வேறு. மாவுச்சத்தின் கிளைவிட்ட பகுதியான அமைலோபெக்டினில் தாறுமாறாக முளைத்த கிளைகளைக் கத்தரித்து, சங்கிலிகள் படிகமாக அடுக்கப்பட வழி செய்வது ஐசோஅமைலேஸ். அது இல்லாவிட்டால் துகள் உருவாகாது, நீரில் கரையும் குளுக்கோஸ் பலபடியான ஃபைட்டோகிளைகோஜன் கொஞ்சம் சேரும். மாவுச்சத்தைத் துகளாக்குவது குளுக்கோஸ் கட்டும் நொதி மட்டுமல்ல, வெட்டும் நொதியும்தான் என்ற பாடம் இந்த ஒரு ஸ்ட்ரெயினில் இருக்கிறது. வள மையத்தில் ஸ்டா7-உம் கிடைக்கும். கன்ட்ரோல் விஷயத்தில் மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

2020-இல் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு இன்னொன்றைக் காட்டியது. ஐசோஅமைலேஸ் பழுதாகிப் பைரினாய்டு உறை இல்லாமல் போனால் எல்சிஐபி என்ற புரதம் தன் இடத்தில் நிற்பதில்லை, குறைந்த கார்பன் டைஆக்சைடில் கார்பனைச் சேர்க்கும் திறனும் தளர்கிறது. உறை சேமிப்புக்கு மட்டும்தானா என்ற கேள்விக்கு இது நல்ல நுழைவாயில்.

அயோடின் பிளேட்டில் ஸ்டா6-உம் ஸ்டா7-உம் ஏறக்குறைய ஒன்றுபோல மஞ்சளாகவே தெரியும். பிரித்துக் காட்டுவது வடித்தெடுக்கும் முறை. செல்லைத் தாங்கல் கரைசலில் உடைத்து 10,000 ஜியில் (புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு விசையில்) சுழற்றி, அடியில் படிந்ததை மட்டும் அளந்தால் இரண்டிலும் பூஜ்யம் வரும், ஏனென்றால் ஃபைட்டோகிளைகோஜன் மேல் நீரோடு போய்விட்டது. மேல் நீரைத் தனியாக எடுத்து, பலபடியைக் குளுக்கோஸாக உடைக்கும் அமைலோகுளுக்கோசிடேஸ் நொதியைப் போட்டு குளுக்கோஸ் அளந்தால், ஸ்டா7-இல் குளுக்கோஸ் வரும், ஸ்டா6-இல் வராது. ஒரு மதியத்தில் முடியும் இந்தச் சோதனைக்காகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தோன்றும். நொதி சேர்க்காத வெற்றுக் குழாய் கட்டாயம். அளந்த குளுக்கோஸை 0.9-ஆல் பெருக்கினால் பலபடியின் எடை.

எண்ணை எதனால் வகுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நைட்ரஜன் பட்டினியில் பச்சையம் குறைந்துகொண்டே போகும். பச்சையத்தின் அளவுக்கு என்று கணக்கிட்டால், மாவுச்சத்து ஏறாத நாளிலும் ஏறியதாகக் காட்டும். நியூபாவர் சேம்பரில் (செல் எண்ணும் கட்டமிட்ட கண்ணாடியில்) செல்லை எண்ணி, செல் கணக்கில் எழுதுங்கள்.

வளர்ப்பு ஊடகம் இரண்டுக்கும் ஒன்றே. டேப் (டிரிஸ்-அசிட்டேட்-பாஸ்பேட்) ஊடகத்தில் ஒரு லிட்டருக்கு டிரிஸ் 2.42 கிராம், அம்மோனியம் குளோரைடு 0.4 கிராம், கிளேசியல் அசிட்டிக் அமிலம் சுமார் 1 மில்லிலிட்டர், பிஎச் 7. பட்டினிக்கு அம்மோனியம் குளோரைடுக்குப் பதில் அதே மோலார் அளவு, அதாவது 7.5 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடு. மில்லிலிட்டருக்குச் சில மில்லியன் செல் வந்ததும் சுழற்றி, நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் இரண்டு முறை கழுவுங்கள். ஒரே முறையோடு விட்டால் ஒட்டிய அம்மோனியமே ஒரு நாளைத் தள்ளிப்போடும். செல் சுவரற்றவை என்பதால் 1,000 ஜிக்கு மேல் வேண்டாம், வோர்டெக்ஸும் வேண்டாம். 48 முதல் 72 மணி நேரம் போதும்.

பாலக்காட்டுக் கணவாய் ஊர்களில் மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும். இந்தப் பாசிக்கு 25 டிகிரி வேண்டும். இன்குபேட்டர் குளிர்விக்க முடியாமல் திணறினால் வெப்பமே செல் பிரிவை நிறுத்திவிடும், சேமிப்பு மாறியது நைட்ரஜனாலா, சூட்டாலா என்று சொல்ல முடியாது. கரண்ட் போய் விளக்கு அணைந்தாலும் அப்படித்தான், இருட்டில் சேர்ந்த மாவுச்சத்தைச் செல் உடைத்துச் செலவழிக்கும். இதில் அடிவாங்குவது கன்ட்ரோல் மட்டுமே, ஸ்டா6-இல் குறைய எதுவும் இல்லை. அளவிடும் வேலையைத் துலா (ஐப்பசி) மழைக்குப் பிறகு, டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டா1, நொதியின் சீராக்கத்தைப் படிப்பவருக்கு. அதன் நொதி, இயல்பாகத் தன்னைத் தூண்டும் 3-பாஸ்போகிளிசரேட்டுக்குப் பதில் தருவதில்லை, மாவுச்சத்து கொஞ்சமே மிஞ்சும். ஸ்டா2-இல் துகள் உண்டு, அமைலோஸ் இல்லை, அயோடின் நிறம் செம்மைக்குச் சாயும். இளநிலை வகுப்புக்கு இதுவே போதும், பார்த்தவுடன் புரியும்.

சித்தூர் வயல் தண்ணீரில் குளோரெல்லாவையோ செனடெஸ்மஸையோ பிரித்தெடுத்து அதையே பயன்படுத்தலாமே என்பார்கள். எண்ணெய் அளக்கலாம், மரபியல் செய்ய முடியாது. லேபில் கலப்புச் செய்து டெட்ராட் (கலப்பில் வரும் நான்கு சந்ததிச் செல்கள்) பிரித்துப் பார்க்கும் வசதி அவற்றில் இல்லை, தடித்த சுவரை உடைக்கக் கண்ணாடி மணி இடிப்பும் தேவை.

கார்பன் ஓட்டமோ எண்ணெயோ தலைப்பானால் ஸ்டா6, கூடவே மரபணு திருப்பிய இரண்டு ஸ்ட்ரெயின்கள். மாவுச்சத்து எப்படித் துகளாகிறது என்பது தலைப்பானால் ஸ்டா7, ஒப்பிட ஸ்டா6. வந்த ஸ்டாக்கை அகார் சாய்வில் மங்கலான ஒளியில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு திட்டை நைட்ரஜன் இல்லாத பிளேட்டில் இட்டு அயோடின் காட்டிவிடுங்கள், மஞ்சளுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி தெரிந்தால் கலப்படம் புகுந்துவிட்டது, ஒற்றைக் காலனியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.